கூண்டுக் கிளியும் பட்டி ஆடும்: விலங்குகளின் கிளமிடியா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடியில் லவ் பேர்ட்ஸ் கூண்டு வைத்திருக்கிறேன், ஊரில் அம்மா இன்னும் ஏழெட்டு வெள்ளாடு வளர்க்கிறார். அதனால் பறவைக்காரர்களும் கேட்பார்கள், ஆட்டுக்காரர்களும் கேட்பார்கள். இரண்டு பேரும் கேட்பது ஒரே கூட்டத்துக் கிருமியைப் பற்றித்தான் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. நான் மருத்துவர் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

விலங்குகளுக்கும் கிளமிடியாவா? அது பாலுறவில் பரவுகிற நோய் இல்லையா?

எல்லாக் குழப்பமும் இந்தப் பெயரால் வருவது. கிளமிடியா என்பது ஒரு கிருமியின் பெயர் இல்லை, பாக்டீரியாக்களின் ஒரு கூட்டத்துக்கே அந்தப் பெயர். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கோர் ஊருக்குப் பிழைக்கப் போனது மாதிரி, ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயிரினத்தில் குடியேறியிருக்கிறது. பாலுறவில் பரவுவது கிளமிடியா ட்ரக்கோமேட்டிஸ். அதற்கு மனித உடம்புதான் வீடு. பார்வையைப் பறிக்கும் ட்ரக்கோமா கண் நோயும் அதன் வேலைதான். இந்தியாவில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது.

பறவைகளிடம் இருப்பது கிளமிடியா சிட்டசி. செம்மறி, வெள்ளாடுகளில் கருவைக் கலைப்பது கிளமிடியா அபார்டஸ். பூனைக்கு ஃபெலிஸ், கினி பன்றிக்குக் கேவியே, பன்றிக்குச் சூயிஸ், மாடு ஆடுகளுக்கும் ஆஸ்திரேலியாவின் கோலாவுக்கும் பெக்கோரம். இதில் நம்மிடம் தாவி வந்து ஆளைப் படுக்க வைக்கக்கூடியவை முக்கியமாக முதல் இரண்டு, அதாவது பறவையுடையதும் ஆட்டினுடையதும். இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி அவற்றைப் பற்றித்தான்.

எனக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் கிளமிடியா பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. வீட்டுப் பூனையிடமிருந்து வந்திருக்குமா?

இல்லை. அந்தப் பரிசோதனை தேடுவது ட்ரக்கோமேட்டிஸை. பூனையை விட்டுவிடுங்கள், நீங்களும் துணைவரும் சேர்ந்து போய்ச் சிகிச்சை எடுங்கள். குணமாகக்கூடிய நோய்தான்.

சாதாரண ஆன்டிபயாட்டிக் இதற்கு ஏன் கேட்பதில்லை?

இந்தக் கிருமி தனியாக நின்று பெருகாது. நம் செல்லுக்குள் நுழைந்தால்தான் அதற்கு வாழ்வு. வெளியே இருக்கும்போது விதை மாதிரி இறுகிய ஒரு துகள். காய்ந்த எச்சத்தில் மாதக்கணக்கில்கூடக் கிடக்கும். மூச்சோடு உள்ளே போய் ஒரு செல்லில் ஒட்டியதும் அந்தச் செல்லுக்குள்ளேயே ஒரு பை கட்டிக்கொண்டு, உருவம் மாறி, பெருகி, இரண்டு மூன்று நாளில் செல்லை உடைத்து நூற்றுக்கணக்கான புது விதைகளாக வெளியே வரும்.

1907-இல் ஜாவாவில் ஹால்பர்ஸ்டேட்டர், ப்ரோவாஸெக் என்ற இருவர் ட்ரக்கோமா நோயாளிகளின் கண்ணிலிருந்து சுரண்டி எடுத்ததை ஒராங்குட்டான் கண்ணில் இட்டுப் பார்த்தபோது, செல்லுக்குள் போர்வை போர்த்திய மாதிரித் தெரிந்த அந்தப் பைகளைக் கண்டார்கள். கிளமிஸ் என்றால் கிரேக்கத்தில் மேல்போர்வை, பெயர் வந்தது அப்படித்தான். ஆய்வுக்கூடத் தட்டில் வளர மறுத்ததால் பல காலம் இதை வைரஸ் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். காய்ச்சல், இருமல் என்று போனால் முதலில் எழுதித் தருகிற அமாக்ஸிசிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் வெளிச்சுவரை உடைத்துக் கொல்பவை. செல்லுக்குள் போர்வை போர்த்திப் படுத்திருக்கும் இந்தக் கிருமி அதற்குச் சாவதில்லை, பெருகுவதை நிறுத்திக் காத்திருக்கும். செல்லுக்குள்ளேயே போய் வேலை செய்கிற டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் மாதிரி மருந்துதான் வேண்டும். இதனால்தான் மருத்துவரிடம் நீங்கள் சொல்லும் ஒரு தகவல் மருந்துச் சீட்டையே மாற்றும் என்கிறேன். அது கீழே வருகிறது.

கிளிக் காய்ச்சல் என்கிறார்களே, அது உண்மையிலேயே கிளியால்தான் வருகிறதா?

பறவைகளின் சிட்டசி கிருமி மனிதருக்குத் தொற்றினால் வருவதுதான் கிளிக் காய்ச்சல். முதலில் கிளியோடு சேர்த்துப் பார்த்ததால் அந்தப் பெயர். 1879-இல் சுவிட்சர்லாந்தில் ஊஸ்டர் என்ற ஊரில் யாக்கோப் ரிட்டர் என்ற மருத்துவர், தன் சகோதரர் வீட்டில் ஏழு பேருக்கு விசித்திரமான நுரையீரல் காய்ச்சல் வந்து மூன்று பேர் இறந்ததை எழுதி வைத்தார். அந்த வீட்டில் கூண்டுப் பறவைகள் இருந்தன.

உலகமே இதைக் கேள்விப்பட்டது 1929–30-இல். தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றிய கிளிகள் போன துறைமுகங்களில் எல்லாம் நோய் இறங்கியது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து அன்னாபொலிஸில் ஒருவர் கிறிஸ்துமஸ் சமயத்தில் மனைவிக்கு ஒரு கிளி வாங்கி வந்தார். கிளி செத்தது, மனைவி உட்பட வீட்டில் சிலர் படுத்தார்கள். அவர்களைப் பார்த்த மருத்துவர் நல்லவேளையாகக் கிளியையும் நோயையும் முடிச்சுப் போட்டு வாஷிங்டனுக்குத் தகவல் அனுப்பினார். அதிபர் ஹூவர் 1930 ஜனவரி 24 அன்று கிளி இறக்குமதியையே தடை செய்தார்.

வாஷிங்டன் சுகாதார ஆய்வுக்கூடத்தில் இதை ஆராய்ந்த சார்லஸ் ஆம்ஸ்ட்ராங் நோயில் விழுந்து பிழைத்தார். அவருடைய உதவியாளர் ஆண்டர்சன் இறந்துபோனார். பறவைகள் இருந்த அடித்தள அறைப் பக்கமே போகாத ஊழியர்களும் அடுத்தடுத்துப் படுக்க, இயக்குநர் மெக்காய் தானே இறங்கிப் பறவைகளையெல்லாம் கொன்று கட்டடத்தைப் புகை போட்டு மூடினார். காற்றில் போகிற தூசி போதும், பறவையைத் தொடக்கூட வேண்டாம் என்பது அங்கே உயிர் கொடுத்துத் தெரிந்துகொண்ட பாடம். அந்த ஆய்வுக்கூடம்தான் அதே 1930-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமாகப் பெயர் மாறியது.

இதில் எனக்கு உறைத்த இடம் வேறு. இறக்குமதியைத் தடுத்தும் நோய் நிற்கவில்லை. கார்ல் மேயர் என்ற ஆய்வாளர் கலிஃபோர்னியாவில் தேடிப் பார்த்தால், பொருளாதார மந்த காலத்தில் கைச்செலவுக்காக ஜனங்கள் கொல்லைப்புறத்தில் வளர்த்து விற்ற சின்னப் பறவைகளிடமே கிருமி இருந்தது. என்ன பறவை? பட்ஜெரிகர். நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று ஜோடியாக வாங்குகிறோமே, அதேதான்.

அப்படியானால் லவ் பேர்ட்ஸைக் கொடுத்துவிட வேண்டுமா?

நான் கொடுக்கவில்லை. வளர்க்கிறவர்கள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் நோய் வருகிறவர்கள் மிகக் குறைவு. அமெரிக்காவில் 2010-க்குப் பிறகு பதிவாவது ஆண்டுக்குச் சுமார் 10 பேர்தான். அங்கேயே 1929–30-இல் 169 பேருக்கு வந்து 33 பேர் இறந்தார்கள், அப்போது மருந்து கிடையாது.

கவனிக்க வேண்டியது புதிதாக வாங்கும் பறவையை. சந்தையில் ஒரே கூண்டில் முப்பது நாற்பதை அடைத்து, பஸ்ஸில் டிக்கியில் வைத்துக் கொண்டுவந்து, தண்ணீர் மாறி, இடம் மாறி வருகிற பறவை களைத்துப் போயிருக்கும். பார்க்க நன்றாகவே இருக்கும் பறவைகூடக் கிருமியைச் சுமந்திருக்கலாம். இந்த மாதிரிக் களைப்பு நேரத்தில்தான் அது எச்சத்திலும் மூக்குச்சளியிலும் கிருமியை அதிகமாக வெளியேற்றும். வாங்கிய கையோடு பழைய கூட்டத்தில் விடாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் வேறு அறையில், வேறு கிண்ணத்தில் வையுங்கள். இறகை உப்பிக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருப்பது, கண்ணில் நீர், எச்சம் பச்சையாகவோ மஞ்சள் கலந்த பச்சையாகவோ போவது, நெஞ்செலும்பு கத்தி மாதிரித் துருத்தும் அளவுக்கு இளைப்பது, இதெல்லாம் தெரிந்தால் பறவை பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். இதே அறிகுறிகள் வேறு பத்து நோய்களுக்கும் உண்டு, பார்த்த மாத்திரத்தில் கிளமிடியா என்று யாராலும் சொல்ல முடியாது.

முத்தம் கொடுப்பது, வாயால் இரை ஊட்டுவது வேண்டாம். தெரியும், குஞ்சிலிருந்து வளர்த்தது, பிள்ளை மாதிரி. இருந்தாலும் வேண்டாம்.

மனிதருக்கு வந்தால் எப்படி இருக்கும்?

கிருமி உள்ளே போய்ப் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் ஆரம்பிக்கும். கடுமையான காய்ச்சல், குளிர் நடுக்கம், மண்டையைப் பிளக்கிற தலைவலி, உடம்பு முறித்துப் போட்ட மாதிரி வலி, அப்புறம் சளி வராத வறட்டு இருமல். சிலருக்கு லேசாக வந்து போய்விடும். சிலருக்கு நிமோனியாவாக முற்றும். அபூர்வமாக இதயம், கல்லீரல், மூளை வரை போகும். மருந்து இல்லாத காலத்தில் நூற்றில் 15–20 பேர் இறந்தார்கள். சரியான மருந்து கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூட இல்லை.

ஆனால் இந்த அறிகுறிப் பட்டியலைப் பாருங்கள். ஃப்ளூவுக்கும் இதேதான், டைஃபாய்டுக்கும் டெங்குவுக்கும் பாதி இதேதான். மருத்துவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நீங்கள் சொன்னால்தான்.

என் கதையையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் பதினோரு நாள் காய்ச்சல். இரண்டு இடத்தில் காட்டி, இரண்டு விதமான ஆன்டிபயாட்டிக் விழுங்கி, டெங்கு இல்லை டைஃபாய்டு இல்லை என்று சீட்டுகள் சேர்ந்தன. மூன்றாவதாகப் பார்த்த வயதான டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வீட்ல பறவை ஏதாவது வளர்க்கறீங்களா தம்பி?" என்றார். அதற்கு முன் யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை, காய்ச்சலுக்கும் கூண்டுக்கும் என்ன சம்பந்தம்? மாத்திரை மாறிய இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அது கிளிக் காய்ச்சல்தான் என்று உறுதிசெய்யும் பரிசோதனை எதுவும் நடக்கவில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து எந்த டாக்டரிடம் போனாலும் பெயர், வயது, அப்புறம் "பறவை வளர்க்கிறேன்" என்பதுதான்.

நீங்களும் அப்படியே சொல்லுங்கள். பறவை வளர்க்கிறேன், புறாக் கூண்டைச் சுத்தம் செய்தேன், கோழிக்கடையில் வேலை, போன வாரம் ஆடு குட்டி வீசியது (சினை கலைந்தது), நான்தான் எடுத்துப் போட்டேன். எதுவானாலும் அவர் கேட்காமலே சொல்லுங்கள்.

என்ன பரிசோதனை, என்ன சிகிச்சை?

தொண்டை அல்லது சளி மாதிரியில் பிசிஆர். இல்லாவிட்டால் சில வார இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து எதிர்ப்புப் பொருள் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டுமே எல்லா லேபிலும் செய்கிற டெஸ்ட் இல்லை. அதனால் சந்தேகம் பலமாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமலே மருந்தைத் தொடங்கிவிடுவது வழக்கம். பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் அசித்ரோமைசின் வகை. காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும், ஆபத்தும் அதில்தான்: விட்டுவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வரும். எழுதிக் கொடுத்த நாள் முழுக்கச் சாப்பிடுங்கள். டாக்ஸிசைக்ளினைப் பாலோடு விழுங்காதீர்கள். நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். மெடிக்கலில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதற்காக இதை எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பறவையே வளர்க்காதவருக்கு வருமா?

வரும். 2002-இல் ஆஸ்திரேலியாவின் ப்ளூ மவுண்டன்ஸ் பகுதியில் பலருக்கு ஒரே சமயத்தில் இந்த நிமோனியா வந்தது. துருவிப் பார்த்தபோது புல்வெட்டும் இயந்திரத்தில் பை மாட்டாமல் புல் வெட்டியவர்கள் அதிகம் மாட்டியிருந்தார்கள். காட்டுக்கிளிகள் புல்வெளியில் போட்ட எச்சம் காய்ந்து கிடந்தது, இயந்திரம் அதைத் தூசியாக்கி மூஞ்சியில் அடித்தது. 2024 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் ஆஸ்திரியா, டென்மார்க், ஜெர்மனி, ஸ்வீடன், நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் நோய் கூடியிருப்பதாகவும் ஐந்து பேர் இறந்ததாகவும் சொன்னது. அங்கேயும் வீட்டுப் பறவை, காட்டுப் பறவை இரண்டோடும் பழகியவர்கள் இருந்தார்கள்.

எங்கள் அபார்ட்மென்டில் புறாத் தொல்லை. அதனால் வருமா?

நம் நகரங்களைப் பொறுத்தவரை கிளியைவிட நான் அதிகம் யோசிப்பது புறாவைத்தான். புறாக்களிடம் இந்தக் கிருமி உலகம் முழுக்கப் பரவலாக உண்டு. ஏசி வெளிப்பெட்டிக்கு அடியிலும் பால்கனி மூலையிலும் மாதக்கணக்கில் சேர்ந்து காய்ந்த எச்சத்தை ஒருநாள் வேகம் வந்து துடைப்பத்தால் வறவறவென்று பெருக்குவதுதான் செய்யவே கூடாத வேலை. முதலில் நன்றாக நனையுங்கள், ஊறட்டும், அப்புறம் வழித்து எடுங்கள். என்95 மாஸ்க் போடுங்கள், சாதாரணத் துணி மாஸ்க் போதாது.

இன்னொன்று. புறா எச்சத்தாலும் இறகுத் தூளாலும் வரும் நுரையீரல் பிரச்சினை எல்லாமே கிளமிடியா இல்லை. பல மாதமாக இழுக்கிற இருமலும் மூச்சு வாங்கலும் என்றால் அது ஒவ்வாமை நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். அது கிருமியால் வருவதில்லை, ஆன்டிபயாட்டிக்கும் கேட்காது, புறாவிடமிருந்து விலகினால்தான் தீரும். வடசென்னையில் பந்தயப் புறா வளர்க்கிறவர்களுக்கு இரண்டுமே பொருந்தும்.

பச்சைக்கிளி வளர்க்கலாமா? கிளி ஜோசியர் கிளியால் ஆபத்தா?

ஆபத்து இருக்கட்டும், நம்மூர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜோசியர் கிளிக்கும் அதே சட்டம்தான். மரப்பொந்திலிருந்து குஞ்சாகப் பிடித்து, சாக்கில் அடைத்து விற்கிற அந்தப் பயணமே கிருமி பரவ நல்ல வழி. சீட்டு எடுக்கும் இரண்டு நிமிடத்தில் உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது, நாள் முழுக்கக் கூட இருக்கிற ஜோசியருக்குத்தான் கவலை.

கோழிக்கறி, முட்டை?

வேக வைத்துச் சாப்பிட்டு யாருக்கும் வருவதில்லை. சிக்கல் சாப்பிடுகிறவருக்கு இல்லை, அறுத்து உரிக்கிறவருக்கு. 2018-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா, ஜார்ஜியா மாநிலங்களில் இரண்டு கோழி இறைச்சி ஆலைகளின் தொழிலாளர்களுக்கு இது பரவியது. 1930-களில் ஃபரோ தீவுகளில் ஃபுல்மார் என்ற கடற்பறவைக் குஞ்சுகளைப் பிடித்துச் சமைக்கும் வழக்கம். அங்கே இறகு பிடுங்குவது பெண்களின் வேலை, நோயில் விழுந்ததும் அவர்கள்தான். காய்ந்த இறகைப் பிடுங்காமல் நனைத்து உரிப்பதும், காற்றோட்டமும், குடலைக் கையாள்கிறவருக்கு மாஸ்க்கும் போதும். வாத்து, வான்கோழிப் பண்ணைகளில் இன்னும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்.

கூண்டை எப்படிச் சுத்தம் செய்வது?

தினமும், ஈரமாக. அடியில் பேப்பர் விரித்தால் பாதி வேலை மிச்சம், லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு அப்படியே சுருட்டி எடுக்கலாம். வாரம் ஒருமுறை சோப்பால் கழுவிய பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 மில்லி ப்ளீச் கலந்து தடவி, ஐந்து பத்து நிமிடம் விட்டு அலசிக் காயவையுங்கள். முதலில் அழுக்கு போக வேண்டும், எச்சத்தின் மேலேயே ப்ளீச் ஊற்றினால் வேலைக்கு ஆகாது. பறவைகளை அந்த நேரம் வேறு அறையில் வையுங்கள், அவற்றின் நுரையீரல் ப்ளீச் நெடியைத் தாங்காது. ப்ளீச்சோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், அது விஷவாயு.

பறவைக்கு மருந்து உண்டா?

உண்டு, டாக்ஸிசைக்ளின்தான், ஆனால் நீண்ட காலம். வழக்கமாகச் சொல்வது 45 நாள். கடைக்காரர் தருகிற மஞ்சள் பொடியை நாலு நாள் தண்ணீரில் கலந்துவிட்டு நிறுத்துவது பறவைக்கும் நல்லதில்லை, கிருமிக்கு எதிர்ப்பையும் பழக்கும். பலர் கோட்டை விடுகிற ஒரு சின்ன விஷயம்: சிகிச்சை நடக்கும்போது கூண்டில் தொங்கும் கடல் நுரையை எடுத்துவிட வேண்டும். அதிலிருக்கும் கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் ஏற விடாது. முடிந்ததும் திரும்ப மாட்டலாம்.

எங்கள் ஆடு நிறைமாதத்தில் குட்டி வீசுகிறது. இது கிளமிடியாவா?

இருக்கலாம், ஆனால் நம் பகுதியில் குட்டி வீசினால் முதலில் சந்தேகிக்க வேண்டியவை இன்னும் உண்டு: புருசெல்லா, கியூ காய்ச்சல் கிருமி, டாக்ஸோபிளாஸ்மா, ஆட்டுக்கொல்லி நோய். பலவும் மனிதருக்குப் பரவும் என்பதால் எது என்று தெரியும்வரை எல்லாம் இருப்பதாகவே நினைத்துக் கையாள்வது நல்லது.

கிளமிடியா அபார்டஸை ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் 1950-இல் செம்மறிகளிடம் அடையாளம் கண்டார்கள். ஆடு ஐந்து மாதச் சினை. இந்தக் கிருமி கலைப்பது பெரும்பாலும் கடைசி இரண்டு மூன்று வாரத்தில். அதுவரை ஆடு நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும். வீசிய குட்டி அழுகாமல், உருவம் முழுசாக, இப்போதுதான் செத்த மாதிரி இருக்கும். நஞ்சுக்கொடி தடித்து, தோல் மாதிரி, சிவந்து அழுக்கேறியிருக்கும். சில குட்டிகள் உயிரோடு பிறந்து ஊட்ட முடியாத அளவு நோஞ்சானாக இருந்து ஓரிரு நாளில் போய்விடும்.

ஆட்டுக்காரரை ஏமாற்றுவது இதன் காலக்கணக்கு. ஓர் ஆடு வீசும்போது அதன் நஞ்சும் ஈரமும் பட்ட புல்லையும் தரையையும் நக்கி மற்ற ஆடுகள் கிருமியை வாங்கிக்கொள்ளும். சினை இல்லாத ஆட்டுக்கு அப்போது ஒன்றுமே தெரியாது, கிருமி உடம்புக்குள் ஒளிந்துகொள்ளும். அது அடுத்த முறை சினையாகி நிறைமாதம் ஆகும்போது வீசும். இந்த வருடம் ஓர் ஆடு வீசியது, விட்டுவிட்டோம். அடுத்த வருடம் பட்டியில் மூன்றில் ஒன்று வீசுகிறது என்றால் ஒரு காரணம் இதுதான். கண் பட்டுவிட்டது என்று பட்டியைச் சுற்றித் திருஷ்டி கழிப்பவர்களை என் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வியாதி உள்ளே வருவது சந்தையில் வாங்கிய புது ஆட்டோடு.

செய்ய வேண்டியது: வீசிய ஆட்டைத் தனியே கட்டுங்கள். கையுறை போட்டு, இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொண்டு, குட்டியையும் நஞ்சுக்கொடியையும் எடுங்கள். ஒரு துண்டை மூடிய டப்பாவில் கால்நடை மருந்தகத்துக்கு உடனே கொடுத்தால் பரிசோதனைக்கு அனுப்ப வழியுண்டு. தமிழ்நாட்டில் 1962-க்கு ஃபோன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். மற்றதை ஆழக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், நாய் தோண்டாத ஆழம். மீதிச் சினை ஆடுகளுக்கு நீண்ட நாள் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி போட்டு இழப்பைக் குறைக்கலாம், அது மருத்துவர் முடிவு. கிருமியை அந்த ஊசி முழுக்க ஒழிக்காது.

மாட்டின் இளங்கொடியை (நஞ்சுக்கொடியை) ஆலமரத்தில் கட்டுவது சரியா?

பால் மரத்தில் கட்டினால் பால் பெருகும் என்று வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டித் தொங்கவிடுவது பழைய வழக்கம், யாழ்ப்பாணத்திலும் உண்டு. நாய் இழுக்காத உயரத்தில் வைப்பது ஒருவகையில் புத்திசாலித்தனம்தான், வாசலில் எறிவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் கன்று வீசிய மாட்டினுடையதை மட்டும் கட்டாதீர்கள், அதைப் புதைத்தே ஆக வேண்டும். நஞ்சுக்கொடி என்பது இந்தக் கிருமிகள் குவிந்து கிடக்கும் இடம். 2014-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஒரு பெண் குதிரையின் நஞ்சுக்கொடியோடு பழகிய கால்நடை மருத்துவ மாணவர்கள் உள்ளிட்ட ஐந்து பேருக்கு நுரையீரல் நோய் வந்தது. கிருமி பறவையுடைய சிட்டசி, வந்த வழி குதிரை.

கர்ப்பிணிகள் ஏன் ஆட்டுப் பட்டிக்குப் போகக் கூடாது என்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கிளமிடியா அபார்டஸுக்கு ஆட்டின் நஞ்சுக்கொடி எப்படியோ, அப்படியே மனித நஞ்சுக்கொடியும். மற்றவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சலோடு போகக்கூடிய கிருமி, கர்ப்பிணிக்கு ரத்தத்தில் நஞ்சேறி, கரு கலைந்து, தாயின் உயிருக்கே வரக்கூடியது. நடப்பது அபூர்வம், நடந்தால் மோசம். பிரிட்டனில் ஒவ்வொரு வருடமும் ஆடு குட்டி போடும் பருவத்துக்கு முன் அரசே கர்ப்பிணிகளை எச்சரிக்கிறது.

நம் வழக்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வளைகாப்பு முடித்து ஏழாம் மாதம் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வருகிறோம். அம்மா வீடு கிராமம், பின்னாடியே பட்டி. சின்ன வயதிலிருந்து பழகிய ஆடு, ராத்திரி குட்டி போட முக்குகிறது, அம்மாவுக்கு முதுகு வலி, பெண் போய்க் குட்டியை வாங்கித் துடைத்து விடுகிறாள். இதில் யார் மேலும் தப்பில்லை, யாரும் சொல்லித் தரவில்லை. என் தங்கை வந்திருந்த அந்த மூன்று மாதமும் நாங்கள் ஆடுகளைப் பெரியப்பா பட்டிக்கு மாற்றினோம். அவர் சிரித்தார், ஆனால் மாற்றிக்கொண்டார்.

கர்ப்பிணி ஆட்டுப் பிரசவம் பார்க்கக் கூடாது. ஈன்ற ஆட்டில் பால் கறக்கக் கூடாது. ஈரம் காயாத குட்டியைத் தூக்கக் கூடாது. நஞ்சுக்கொடி, கொட்டில் வைக்கோல் பக்கம் போகக் கூடாது. பிரசவம் பார்த்தவர் கைகால் கழுவி உடை மாற்றிவிட்டு உள்ளே வரட்டும், அந்தத் துணியைக் கர்ப்பிணி துவைக்க வேண்டாம். ஏற்கெனவே தொட்டுவிட்டால் பதற வேண்டாம். காய்ச்சலோ உடல்வலியோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், ஆடு விஷயத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

பூனைக்குட்டிக்குக் கண் ஒட்டிக்கொள்கிறது. எங்களுக்குப் பரவுமா?

ஒரு கண்ணில் தொடங்கி இரண்டாவது கண்ணுக்கும் போகிற வீக்கமும் பீளையும் என்றால் கிளமிடியா ஃபெலிஸாக இருக்கலாம், ஹெர்பிஸ் வைரஸாகவும் இருக்கலாம். மனிதருக்குப் பரவுவது மிக அபூர்வம். பரவினாலும் பெரும்பாலும் கண் சிவப்போடு நிற்கும். கண்ணைத் துடைத்த பஞ்சை எறிந்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். பூனைக்குக் கண் சொட்டு மட்டும் போதாது, வாய்வழி மருந்து சுமார் நான்கு வாரம் வேண்டும், வீட்டிலுள்ள மற்ற பூனைகளுக்கும் சேர்த்து.

கோலாவுக்குக் கிளமிடியா என்று செய்தியில் வருகிறதே?

அது அங்கே பெரிய சோகம். பெக்கோரம் கிருமியால் கோலாக்களுக்குக் கண் போகிறது, சிறுநீர்ப்பை அழற்சி வருகிறது, குட்டி போட முடியாமல் ஆகிறது. மருந்து கொடுப்பதும் சிக்கல்: யூகலிப்டஸ் இலையைச் செரிக்க அதன் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவை ஆன்டிபயாட்டிக் கொன்றுவிட்டால் வயிறு நிறையத் தின்றும் பட்டினி. அதனால்தான் தடுப்பூசிக்கு அவ்வளவு பாடுபட்டார்கள், 2025-இல் ஆஸ்திரேலியா அதற்கு அனுமதி கொடுத்தது. நமக்கு இதனால் ஆபத்து ஒன்றுமில்லை.

நமக்குத் தடுப்பூசி உண்டா? ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுமா?

மனிதருக்குத் தடுப்பூசி இல்லை. ஐரோப்பாவில் செம்மறிக்கு உண்டு, பூனைக்கு உண்டு. ஆளுக்கு ஆள் தொற்றுவது அபூர்வம். 2013-இல் ஸ்வீடனில் கடுமையாக நோயுற்ற ஒருவரிடமிருந்து அருகிலிருந்த பலருக்குப் பரவியது பதிவாகியிருக்கிறது. இருமுகிறவர் பக்கத்தில் மாஸ்க் போடுங்கள், தனி வீடு பார்க்கத் தேவையில்லை.

வெயில் காலத்தில் மொட்டை மாடியில் குருவிக்குத் தண்ணீர் வைக்கிறோம். வைக்கலாமா?

தாராளமாக வையுங்கள். கிண்ணத்தைத் தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள், குடிநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எங்கள் மாடியில் குருவி வந்தது இரண்டு நாள்தான், மூன்றாம் நாளிலிருந்து புறா குளிக்கிறது. கிண்ணத்தைச் சின்னதாக மாற்றியிருக்கிறேன்.